தாள் பிரிந்தாலும் கணக்குப் பிரியலாகாது

பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, மரம் சீவி, பால் சேர்த்து, கொட்டகையில் நிறுத்துப் போடும் தொழிலாளியின் உழைப்பு அன்றன்றைக்கு ஓர் எண்ணாகச் செக்ரோலில் ஏறுகிறது. மாத இறுதியில் அவ்வெண்களின் கூட்டுத்தொகையே சம்பளத்திற்கு அடிப்படையாகிறது. ஆகவே செக்ரோல் என்பது வெறும் அலுவலகக் காகிதமன்று. ஒரு மாத உழைப்பிற்கு அதுவே சாட்சி.

கையால் கணக்கெழுதிய காலத்தில் இச்சாட்சி தைத்த பேரேட்டில் இருந்தது. பேரேட்டை விரித்தால் இடப்பக்கத்தில் பெயரும், வலப்பக்கத்தில் கூட்டுத்தொகையும் ஒரே கோட்டில் நிற்கும். ஒரு பெயரின் கீழ் அடிக்கோலை வைத்தால் அது அவருடைய மொத்தத்தில் போய் முடியும். இரு பக்கங்களையும் நூல் சேர்த்துப் பிடித்திருந்ததால், பெயரைவிட்டுக் கணக்குப் பிரிந்து போக வழியில்லை.

இன்று கணினியில் எக்செல் போன்ற விரிதாள்களில் கணக்கு எழுதப்படுகிறது. கூட்டல் பிழை குறைந்தது, வேலையும் விரைந்தது. ஆயினும் அந்தக் கணக்கு அச்சாகி வெளிவரும்போது தனித்தனித் தாள்களாகவே வருகிறது. அவற்றைச் சேர்த்துப் பிடிக்க நூல் இல்லை. நூல் செய்த வேலையை நாமே கணினிக்குச் சொல்லிச் செய்விக்க வேண்டும். அதற்கான முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். அலுவலகத்தில் பணிபுரிவோருக்கு மட்டுமன்றி, கணினி கற்ற தோட்டத்து இளைஞர்களுக்கும், கூட்டுறவுச் சங்கம், ஆலயம், விளையாட்டு மன்றம் ஆகியவற்றின் கணக்கை எழுதுவோருக்கும் இது பயன்படும்.

பெயரில்லாத் தாள்

முதலில் ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு தோட்டத்தில் மூன்று மண்டோர்களின் கீழ், குழுவுக்கு 24 பேராக, 72 பேர் மரம் சீவுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய செக்ரோலில் குறுக்கே செல்லும் வரிசையை நிரை என்றும், மேலிருந்து கீழே இறங்கும் வரிசையை நிரல் என்றும் கூறுவோம். ரப்பர் மரங்கள் நிரையாக நிற்பதைப்போல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு நிரை உண்டு.

தலைப்புக்கு இரண்டு நிரைகள்: ஒன்றில் தேதி, மற்றொன்றில் கிழமை. ஒவ்வொரு குழுவின் முடிவிலும் ஒரு மொத்த நிரை. கடைசியில் முழு மொத்தத்திற்கு ஒன்று. ஆக 78 நிரைகள். இடப்பக்கத்தில் எண், பெயர் என இரு நிரல்கள். அடுத்து 31 நாட்களுக்கு 31 நிரல்கள். இறுதியில் முற்பகுதித் தொகை, பிற்பகுதித் தொகை, மாத மொத்தம், வேலை நாள், கையொப்பம் என ஐந்து. ஆக 38 நிரல்கள்.

இதனை ஏ4 தாளில், தாளைக் குறுக்காக வைத்து, வேறொன்றும் சொல்லாமல் அச்சிட்டால் என்ன நேரும்? ஆறு தாள்கள் வரும். முதல் மூன்றில் பெயர்களும் மாதத்தின் பெரும்பகுதியும் இருக்கும். எஞ்சிய நாட்களும், மொத்தமும், கையொப்பமும் பின்னுள்ள மூன்றில் இருக்கும். ஆனால் அம்மூன்றில் ஒரு பெயரும் இராது. ஐந்தாம், ஆறாம் தாள்களில் தேதியும் இராது. வெற்று எண்களே நிறைந்திருக்கும். நாம் கேட்டாலன்றி எக்செல் பக்க எண்ணையும் அச்சிடாது.

சம்பள நாளன்று காற்றாடியின் காற்றில் இத்தாள்கள் கலைந்துவிட்டன என்று கொள்வோம். இரண்டாம் குழுவைச் சேர்ந்த முனியம்மாவின் பெயர் இரண்டாம் தாளில் ஒன்பதாம் வரியில் உள்ளது. அதற்குரிய ஐந்தாம் தாளுக்குப் பதிலாக ஆறாம் தாள் பக்கத்தில் வைக்கப்படுகிறது. அங்கே ஒன்பதாம் வரியில் உள்ளது மூன்றாம் குழுவில் வேறொருவருடைய மொத்தம்: 298 கிலோ. முனியம்மாவின் உண்மையான மொத்தமோ 341 கிலோ. "கிராணி ஐயா, இது என் கணக்குத்தானா?" என்று அவர் கேட்கிறார். "இரும்மா, பார்த்துச் சொல்கிறேன்" என்று கிராணியார் தாளைப் புரட்டுகிறார். தாளில் பெயரிருந்தால் அல்லவா சொல்ல முடியும்?

இங்கே கணினியின் கூட்டல் சரி, கொட்டகையில் நிறுத்ததும் சரி, எவரும் ஏமாற்றவில்லை. ஆயினும் 43 கிலோ ரப்பரின் உழைப்புக் கண்முன்னே கைமாறிப் போகிறது. அதற்கு மேலும் ஒன்று உண்டு. கையொப்பத்திற்கான கட்டம் பெயரில்லாத அத்தாளில்தான் உள்ளது. யாருடைய கணக்கு என்று தெரியாத வரியில் தொழிலாளி கையெழுத்திடுகிறார்.

அச்சிடுமுன் அளந்து பார்த்தல்

துணி தைப்பவர் முதலில் அளவெடுப்பார்; பிறகே கத்தரியை எடுப்பார். அச்சிடுபவரும் அவ்வாறே செய்தல் வேண்டும். எக்செல் விரிதாளில் 16,384 நிரல்களும் 10,48,576 நிரைகளும் உண்டு. ஏ4 தாளோ 297 மில்லிமீட்டர் நீளமும் 210 மில்லிமீட்டர் அகலமும் மட்டுமே உடையது. தாளைக் குறுக்காக வைத்து, இடமும் வலமும் 10 மில்லிமீட்டர் ஓரம் விட்டால், எழுதக் கிடைப்பது 277 மில்லிமீட்டர்.

நமது செக்ரோலில் எண்ணுக்கும் பெயருக்கும் சேர்த்து 60 மில்லிமீட்டர். ஒரு நாளுக்கு 9 வீதம் 31 நாட்களுக்கு 279. இறுதி ஐந்து நிரல்களுக்கு 75. மொத்தம் 414 மில்லிமீட்டர். இதனை ஒரே ஏ4 தாளின் அகலத்தில் அடக்க வேண்டுமானால் 66 விழுக்காடாகச் சுருக்க வேண்டும். பத்துப் புள்ளி அளவுள்ள எழுத்து ஆறரைப் புள்ளி அளவாகிவிடும். கண் மங்கிய மூத்த தொழிலாளி அதனை எவ்வாறு படிப்பார்? தாளைச் சிக்கனம் செய்து, படிக்க முடியாத கணக்கைக் கொடுப்பதில் பயனில்லை.

மாறாக, இரண்டு தாள்களாகப் பிரித்தால் முதல் தாளில் பெயரும் 1 முதல் 16 வரையுள்ள நாட்களும் 204 மில்லிமீட்டரில் அடங்கும். இரண்டாம் தாளில் மீண்டும் பெயரும், 17 முதல் 31 வரையுள்ள நாட்களும், இறுதி ஐந்து நிரல்களும் 270 மில்லிமீட்டரில் அடங்கும். எழுத்தைச் சிறிதும் சுருக்க வேண்டியதில்லை.

உயரத்தையும் பார்ப்போம். மேலும் கீழும் 15 மில்லிமீட்டர் விட்டால் எஞ்சுவது 180. நிரைக்கு 6 மில்லிமீட்டர் வீதம் 30 நிரைகள் கொள்ளும். ஒரு குழுவுக்குத் தலைப்பு இரண்டு, பெயர்கள் 24, குழு மொத்தம் ஒன்று என 27 நிரைகள். கடைசிக் குழுவுக்கு முழு மொத்தத்துடன் 28. ஆகவே ஒரு குழு ஒரு பக்க உயரத்தில் தாராளமாக அடங்கும். இப்போதும் ஆறு தாள்களே. ஆயினும் ஒவ்வொரு தாளும் பொருளுடைய தாள்.

எக்செல்லில் நிரலின் அகலம் எழுத்துக்களின் எண்ணிக்கையால் குறிக்கப்படுவதால் சிலர் குழம்புவர். வியூ என்னும் பகுதியில் பேஜ் லேஅவுட் என்ற பார்வையைத் தேர்ந்தெடுத்தால், அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலின்படியே அமைக்கலாம். அமைத்தபின் நார்மல் என்ற பழைய பார்வைக்குத் திரும்பலாம்.

செய்யவேண்டிய முறை

1. அச்சிடும் எல்லையைக் குறித்தல். எங்கோ தொலைவிலுள்ள கட்டமொன்றில் தவறி ஓர் எழுத்து விழுந்திருந்தால், அதுவரையுள்ள வெற்றிடமும் வெறுந்தாள்களாக வெளிவரும். எனவே முதற்கட்டத்திலிருந்து கையொப்ப நிரலின் கடைசிக் கட்டம் வரை தேர்ந்தெடுத்து, பேஜ் லேஅவுட் பகுதியில் பிரிண்ட் ஏரியா, பின்னர் செட் பிரிண்ட் ஏரியா என்பதை அழுத்துக. அடுத்த மாதம் புதிய பெயர்கள் சேர்ந்தால் இவ்வெல்லையை மீண்டும் குறிக்க மறவாதீர். இல்லையேல் எல்லைக்கு வெளியே எழுதிய பெயர்கள் அச்சில் வாரா.

2. தாளையும் ஓரத்தையும் அமைத்தல். அதே பகுதியில் சைஸ் என்பதில் ஏ4, ஓரியன்டேஷன் என்பதில் லேண்ட்ஸ்கேப், மார்ஜின்ஸ் என்பதில் முன்கூறிய ஓர அளவுகள் ஆகியவற்றைக் கொடுக்கவும்.

3. தலைப்பையும் பெயரையும் எல்லாத் தாளிலும் வரச்செய்தல். இதுவே இப்பாடத்தின் உயிர்நாடி. பிரிண்ட் டைட்டில்ஸ் என்பதை அழுத்தினால் ஒரு சிறு சாளரம் திறக்கும். அதில் ரோஸ் டு ரிப்பீட் அட் டாப் என்னுமிடத்தில் தலைப்பு நிரைகள் இரண்டையும், காலம்ஸ் டு ரிப்பீட் அட் லெஃப்ட் என்னுமிடத்தில் எண், பெயர் ஆகிய நிரல்கள் இரண்டையும் சுட்டியால் தொட்டுக் காட்டுக. இனி எத்தாளை எடுத்தாலும் மேலே தேதி நிற்கும். இடப்பக்கத்தில் பெயர் நிற்கும்.

இதில் இரு ஐயங்கள் எழுவதுண்டு. திரையில் தலைப்பு நகராமலிருக்க ஃபிரீஸ் பேன்ஸ் என்ற வசதியைச் செய்திருப்பதால் அச்சிலும் அவ்வாறே வரும் என்று பலர் எண்ணுவர். அது திரைக்கு மட்டுமே உரியது, அச்சுக்கு உதவாது. மற்றொன்று, அச்சிடும் சாளரத்தின் வழியாகப் பேஜ் செட்டப்பைத் திறந்தால் இவ்விரு இடங்களும் மங்கலாக, எழுதவொண்ணாமல் இருக்கும். பேஜ் லேஅவுட் பகுதியின் வழியாகத் திறந்தாலே எழுத முடியும்.

4. எங்கே பிரியவேண்டும் என்பதை நாமே சொல்லுதல். நாம் சொல்லாவிடில், இடம் தீர்ந்த இடத்தில் கணினி வெட்டிவிடும். நமது எடுத்துக்காட்டில் அது 24ஆம் நாளுக்குப்பின் வெட்டும். இரண்டாம் குழுவின் மூவரை முதல் குழுவின் தாளில் விட்டுவிடும். அவ்வாறாகாமல், இரண்டாம் குழுவின் முதல் நிரையும் 17ஆம் நாளின் நிரலும் சந்திக்கும் கட்டத்தில் நின்று, பிரேக்ஸ், இன்சர்ட் பேஜ் பிரேக் என்று அழுத்துக. மேலே ஒரு வெட்டும், இடப்பக்கத்தில் ஒரு வெட்டும் விழும். பின்னர் மூன்றாம் குழுவின் முதல் நிரை முழுவதையும் தேர்ந்தெடுத்து மீண்டும் அவ்வாறே செய்க. வியூ பகுதியிலுள்ள பேஜ் பிரேக் பிரிவியூ இவ்வெட்டுகளை நீலக் கோடுகளாகக் காட்டும். முழுக்கோடு நாம் இட்டது; புள்ளிக்கோடு கணினி தானாக இட்டது.

5. சுருக்கும் அளவைக் கவனித்தல். ஃபிட் டு என்ற வசதி, குறித்த பக்கங்களுக்குள் கணக்கைச் சுருக்கி அடக்கும். சிறிய கணக்குகளுக்கு அது நன்று. ஆனால் அதனைத் தேர்ந்தெடுத்தால் நாம் கையால் இட்ட வெட்டுகளை எக்செல் பொருட்படுத்தாது. ஆகவே இங்கே அட்ஜஸ்ட் டு என்பதைத் தேர்ந்து 100 விழுக்காடு என்று கொடுக்கவும். ஏ3 தாளில் அச்சிடும் கருவி இருந்தால் இன்னும் எளிது. அதன் நீளம் 420 மில்லிமீட்டர். ஓரம் போக 400. 17ஆம் நாளுக்கு முன்னுள்ள வெட்டை நீக்கிவிட்டு, 96 விழுக்காடு என்று கொடுத்தால் ஒரு குழுவின் முழு மாதமும் ஒரே தாளில் அடங்கிவிடும்.

6. தாள்களின் வரிசையை மாற்றுதல். வழக்கமாக எக்செல் மேலிருந்து கீழாக முதலில் அச்சிட்டு, அதன் பின்னரே வலப்புறம் செல்லும். அவ்வாறாயின் முதல் குழுவின் முற்பகுதி முதல் தாளாகவும், பிற்பகுதி நான்காம் தாளாகவும் வரும். பேஜ் செட்டப்பில் ஷீட் என்ற பகுதியிலுள்ள பேஜ் ஆர்டர் என்பதில் ஓவர், தென் டவுன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு குழுவின் இரு பகுதிகளும் அடுத்தடுத்து வரும். தாள் 1, 2 முதல் குழு. 3, 4 இரண்டாம் குழு. 5, 6 மூன்றாம் குழு. அப்படியே இரண்டிரண்டாகச் சேர்த்து ஊசி அடிக்கலாம்.

7. பக்க எண்ணும் மாதமும் இடுதல். ஹெடர் அல்லது ஃபுட்டர் என்னும் பகுதியில் தோட்டத்தின் பெயர், மாதம், ஆண்டு, அச்சிட்ட நாள் ஆகியவற்றோடு, "பக்கம் 3, மொத்தம் 6" என்ற வகையில் எண்ணும் வருமாறு செய்க. மொத்தப் பக்க எண்ணிக்கை இருந்தால்தான் ஒரு தாள் காணாமற்போனது தெரியவரும். தோட்டத்தின் பெயரைப் பல கட்டங்களை ஒன்றாக இணைத்துப் பெரிதாக எழுதும் வழக்கம் சிலரிடம் உண்டு. பக்கம் பிரியுமிடத்தில் அப்பெயர் இரண்டாக வெட்டுப்படும். ஆதலின் அதனை ஹெடரில் எழுதுவதே முறை. ஹெடர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி வரும் என்பதால் குழுவின் பெயரை அங்கே இடலாகாது. "2ஆம் குழு மொத்தம்" என்று மொத்த நிரையின் பெயர்க் கட்டத்தில் எழுதினால் அது இரு தாள்களிலும் வந்துவிடும்.

8. கோடுகள் இடுதல். திரையில் தெரியும் கட்டக் கோடுகள் தாமாக அச்சில் வாரா. பேஜ் லேஅவுட் பகுதியில் கிரிட்லைன்ஸ் என்பதன் கீழுள்ள பிரிண்ட் என்பதைக் குறியிடுக. கோடில்லாத தாளில் கண் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எளிதில் வழுக்கிவிடும். 24 பெயர்களுள்ள தாளில் அது பெரும் பிழைக்கு இடமாகும்.

9. முன்பார்வை பார்த்தல். அச்சிடுமுன் ஒவ்வொரு தாளையும் திரையில் பார்த்துவிட வேண்டும். எண்ணுக்குப் பதிலாக வேலிபோன்ற குறிகள் வரிசையாக நின்றால், நிரலின் அகலம் போதவில்லை என்பது பொருள். கணினிக்குள் எண் பத்திரமாக இருந்தாலும் தாளில் அது இல்லை. மற்ற எண்களைவிட நீளமான குழு மொத்தத்திலும் முழு மொத்தத்திலும்தான் இக்குறை பெரும்பாலும் தோன்றும். நிரலைச் சற்று அகலமாக்கினால் சரியாகும்.

கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாளிலும் இவையனைத்தும் உண்டு. ஃபார்மட் என்பதில் பிரிண்ட் ரேஞ்சஸ், எடிட் என்னுமிடத்தில் எல்லையையும், திரும்ப வரவேண்டிய நிரைகளையும் நிரல்களையும் குறிக்கலாம். தாள்களின் வரிசையைப் பக்க அமைப்பின் ஷீட் பகுதியில் மாற்றலாம்.

ஐந்து கேள்விகள்

அச்சிட்டு முடிந்ததா? இனிச் சோதனை. அடுக்கின் நடுவிலிருந்து ஒரே ஒரு தாளை உருவி எடுங்கள். அக்கணக்கை அறியாத ஒருவரிடம் கொடுத்து ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

இந்த எண் யாருடையது? எந்த நாளுக்குரியது? எந்தக் குழு? எந்த மாதம், எந்த ஆண்டு? மொத்தத் தாள்களில் இது எத்தனையாவது?

வேறு தாளைப் பார்க்காமலே ஐந்திற்கும் விடை வந்தால் அத்தாள் தேறியது. ஒன்றுக்கு விடை வராவிட்டாலும் மேற்கூறிய முறைகளில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.

கூட்டுத்தொகையிலும் ஒரு சோதனை உண்டு. முற்பகுதித் தொகையை இரண்டாம் தாளிலும் ஒரு நிரலாக வைத்ததன் காரணம் இதுவே. அதனோடு பிற்பகுதித் தொகையைக் கூட்டினால் மாத மொத்தம் வரவேண்டும். தொழிலாளி தம் கையிலுள்ள குறிப்பை வைத்துத் தாமே இதனைச் சரிபார்க்கலாம். அன்றாடம் நிறுத்த அளவை ஒரு சிறு புத்தகத்தில் எழுதிவைக்கும் பழக்கம் இதற்குப் பெருந்துணையாகும்.

சட்டமும் தாளும்

தீபகற்ப மலேசியாவுக்குரிய 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்பது பொது விதி. கணக்கை முடித்து அச்சிடக் கிடைப்பது சில நாட்களே. அவசரத்தில் அமைப்பைச் சரிசெய்ய நேரமிராது. ஆகவே மாதத் தொடக்கத்திலேயே இவ்வமைப்புகளைச் செய்து, வெற்றுச் செக்ரோலாகச் சேமித்துவைத்து, மாதந்தோறும் அதன் படியைப் பயன்படுத்துவது நலம். ஒருமுறை செய்த வேலை ஆண்டு முழுவதும் பயன் தரும்.

அதே சட்டம் தொழிலாளர் பதிவேடுகளை ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாக்கவும் பணிக்கிறது. ஆறு ஆண்டுகளில் கிராணியார் மாற்றலாகிப் போயிருக்கலாம், கணினியும் பழுதாகியிருக்கலாம். "இத்தாள் அத்தாளோடு சேர்ந்தது" என்று சொல்ல அன்று எவரும் இரார். அப்போது தாள்தான் தன்னைப்பற்றித் தானே பேசவேண்டும். பெயரும் தேதியும் பக்க எண்ணும் உள்ள தாள் பேசும்; இல்லாத தாள் ஊமையாக நிற்கும்.

தமது சம்பள விவரத்தை எழுத்தில் பெறும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அவ்வுரிமை பயன்பட வேண்டுமாயின், கொடுக்கப்படும் எழுத்துப் படித்தறியத் தக்கதாக இருத்தல் வேண்டும். பெயரில்லாத வரியில் கையொப்பமிடுமுன், "ஐயா, இதில் என் பெயர் எங்கே?" என்று பணிவோடு கேட்பதில் தவறொன்றுமில்லை. கேட்பவருக்குக் காட்டத்தக்க தாளை ஆயத்தமாக வைத்திருப்பது கணக்கெழுதுவோரின் கடமை.

கொட்டகையில் ஒருவருடைய வாளிப் பாலை மற்றொருவருடைய பெயரில் எழுத நாம் ஒப்புவதில்லை. தாளிலும் அந்த ஒழுங்கைக் காப்போமாக. ஒவ்வோர் எண்ணும் தனக்குரிய பெயரின் நிரையிலேயே நிற்கட்டும்.